வசம்பு பூசிய காட்டுப்பூனைக் குட்டி

ஒரு குட்டி தனியாகக் கிடக்கிறது. அதன் தாய் அதைக் கைவிட்டுப் போய்விட்டதா, இரை தேடப் போயிருக்கிறதா? பார்த்தவுடன் இதை எப்படித் தெரிந்துகொள்வது? சிங்கப்பூர் போய்த் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். தெரியும் என்று நினைத்துத்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் கணவரின் தங்கை சரோஜாவுக்குத் தலைப்பிரசவம். சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை யாரும் இல்லை. என் மாமியாருக்குக் கப்பல் என்று சொன்னாலே தலை சுற்றும். ஆகவே நான் போவது என்று முடிவாயிற்று. நாலு வயது சுமதியைக் கூட்டிக்கொண்டேன். இரண்டு வயது ரவியை மாமியாரிடம் விட்டேன். அது சரியா தப்பா என்று கப்பலில் ஏழு நாளும் யோசித்தேன். ஏழு நாளும் ஏழு முடிவுக்கு வந்தேன்.

துறைமுகத்தில் என் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் ஒரு சீக்கிய அதிகாரி. உள்ளே பாதிக்கு மேல் மருந்துச் சாமான்: சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், ஒரு பொட்டலம் வசம்பு. வசம்பை எடுத்து முகர்ந்தார், தும்மினார், "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "குழந்தை வளர்ப்பதற்கு" என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். சுமதியை ஒரு பார்வை, வசம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

வெளியே சரோஜாவின் கணவர் ராஜு அண்ணன் நின்றிருந்தார். துறைமுகத்தில் கிராணி வேலை பார்க்கிறவர். அந்த ஊரில் குமாஸ்தாவுக்கு அப்படித்தான் பெயர். "வாங்க தங்கச்சி! பையன் பொறந்துட்டான். நீங்க ரெண்டு நாள் லேட்டு லா!" என்று அந்த ஊர் 'லா' சேர்த்துச் சொன்னார். பிரசவத்துக்கு உதவ வந்தவள் பிரசவம் முடிந்து வந்து சேர்ந்தேன். கப்பல் பினாங்கில் ஒரு நாள் கூடுதலாக நின்றதற்கு நானா பொறுப்பு? ஆனாலும் குற்றம் செய்தவள் போலத்தான் மாடிப்படி ஏறினேன்.

வீடு சிராங்கூன் சாலையில், ஒரு மளிகைக் கடைக்கு மேல். ஜன்னலைத் திறந்தால் பூக்கடை, அதை ஒட்டி மிளகாய் அரைக்கும் கடை. மல்லிகையும் மிளகாயும் சேர்ந்த காற்றில் நாள் முழுதும் இனிமையாகத் தும்மிக்கொண்டிருக்கலாம். தேக்கா மார்க்கெட் நாலு எட்டில். அங்கே நம் முருங்கைக்காய் இருக்கிறது, வாழைப்பூ இருக்கிறது, பக்கத்திலேயே உயிரோடு ஆமையும் இருக்கிறது. ரம்புத்தான் என்ற பழத்தைப் பார்த்து, "அம்மா, இதுக்கு முடி வெட்டல" என்றாள் சுமதி. மாலையில் தள்ளுவண்டிக்காரர் சிவக்கச் சிவக்கப் பிரட்டிக் கொடுத்த மீ கோரெங் சாப்பிட்டோம். நம் சேமியா உப்புமா கோபித்துக்கொண்டு கடல் தாண்டிப் போனால் அப்படி ஆகிவிடும் என்று நினைக்கிறேன். குழந்தைக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமோ என்று தயங்கினேன். நான் தயங்கி முடிப்பதற்குள் அவள் தின்று முடித்துவிட்டாள்.

மறுநாள் டிராலி பஸ்ஸில் ஏறினோம். தலைக்கு மேல் கம்பி, கம்பியைத் தொட்டபடி இரண்டு கொம்புகள். மின்சாரத்தில் ஓடுகிற பஸ். ஒரு திருப்பத்தில் கொம்பு கம்பியை விட்டு நழுவியது. பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் நிதானமாக இறங்கி, நீண்ட கழி ஒன்றை உருவி, மாங்காய் பறிப்பது போல அண்ணாந்து நின்று கொம்பை மாட்டினார். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஊளையிட்டன. பஸ்ஸில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தினம் நடக்கிறதா?" என்று ராஜு அண்ணனிடம் கேட்டேன். "தினம் இல்லம்மா. தினத்துக்கு ரெண்டு தடவ" என்றார்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, கதை ஆரம்பிக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு கொடுக்க வேண்டும். மார்க்கெட்டில் கிடைத்த வெள்ளைக்கோழி எனக்குத் திருப்தியாக இல்லை. பிடோக் தாண்டிச் சாங்கி போகும் சாலையில் ஒரு சீனப் பெண் நாட்டுக்கோழி வளர்க்கிறாள் என்று ராஜு அண்ணன் சொன்னார். அன்று அவருக்கு விடுமுறை. ஆள் சேர்த்து ஏற்றும் டாக்சி ஒன்றில் போனோம். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், என் மடியில் சுமதி, என் காலடியில் யாருடையதோ மீன் கூடை. வழியில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கித் தென்னை மர நிழலில் நின்று, ஒருவருக்கொருவர் தெரியாத நான்கு மொழிகளில் அந்த டிரைவரைத் திட்டினோம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆ மோய். என் வயதுதான் இருக்கும். கறுப்புக் கால்சட்டை, தலையில் அகலமான ஓலைத் தொப்பி. மலாயில் பேசினாள், ராஜு அண்ணன் மொழிபெயர்த்தார். அவள் கோழி பிடிக்கத் தோப்புக்குள் போனாள். வீட்டு இறவாணத்தில் ஒரு துணித் தொட்டில் தொங்கியது. அதில் குழந்தை அழுதது. ஒரு நிமிஷம் பொறுத்தேன். யாரும் வரவில்லை. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கோழியும் கையுமாக ஆ மோய் ஓடி வந்தாள். "ஏன் எடுத்தாய்? நான் இங்கேதானே இருக்கிறேன்! அது அழுதுவிட்டுத் தூங்கும். இப்போது எடுத்துவிட்டாய், இனி நாள் முழுக்க நீயே வைத்துக்கொள்!" என்றாளாம். திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே திட்டினாள். நான் வெட்கத்தோடு குழந்தையைத் தொட்டிலில் விட்டேன்.

அதற்கு அரை மணி கழித்துத்தான் சுமதி, தோப்பின் ஓரத்தில் இருந்து, "அம்மா, இங்க ஒரு பாப்பா பூனை!" என்று கூப்பிட்டாள்.

உதிர்ந்த தென்னை மட்டைகளைக் குவித்து வைத்திருந்த இடம். அன்று காலைதான் பாதிக் குவியலை ஆ மோய் அடுப்புக்கு இழுத்துப் போட்டிருந்தாள். மீதியின் அடியில், காய்ந்த புல்லின் மேல், ஒரு பூனைக்குட்டி. கண் திறந்து சில நாள்தான் இருக்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. என்னைப் பார்த்துக் காற்று ஊதுவது போலச் சீறியது. சுற்றிலும் வேறு குட்டி இல்லை, தாயும் இல்லை.

நம் ஊரில் பூனை குட்டிகளை வாயில் கவ்வி வீடு வீடாக மாற்றும் என்பது நமக்குத் தெரியும். இதன் தாயும் மற்றவற்றைத் தூக்கிப் போய், இதை மறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவசரப்படவில்லை. நானும் படித்தவள். தாய் வருகிறதா பார்ப்போம் என்று குடையை விரித்துக்கொண்டு, குட்டிக்கு வெயில் படாமல், அங்கேயே அரை மணி நேரம் காத்து நின்றேன். வரவில்லை. பாவம் என்று கோழிக் கூடையின் மறுபக்கத்தில் துணி விரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். ராஜு அண்ணனும், "பூனைக்குட்டிதான? மளிகைக் கடையில எலி ஜாஸ்தி. வளரட்டும்" என்றார். ஆ மோயிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் அப்போது பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டின் பாலில் வெந்நீர் கலந்து, சரோஜாவின் குழந்தைக்கு என்று நான் கொண்டுபோன பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். பாதி வெளியே வழிந்தது. வயிறு உப்பியிருந்தது. வயிறு உப்பிய குழந்தைக்கு என்ன செய்வோம்? வசம்பை விளக்கில் சுட்டு, கல்லில் இழைத்து, விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவோம். பூசினேன். கண்ணேறு படாமல் இருக்க நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தேன்.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சரோஜா, "அண்ணி, எம் புள்ளைக்குக் கொண்டாந்த வசம்பப் பூனைக்குப் போட்டுட்டீங்களா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சை உடம்புக்காரி அப்படிச் சிரிக்கக்கூடாது என்று கண்டித்தேன்.

வெள்ளிக்கிழமை குட்டிக்குப் பேதி ஆயிற்று. பால் குடிக்க மறுத்தது. சுமதி வாஞ்சையாகத் தடவப் போனாள். புறங்கையில் நகம் இழுத்து ரத்தம் கசிந்தது. அவ்வளவுதான், எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் தெருவில் பூனை கடித்த ஒரு பெண்ணைத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடக் கூட்டிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். "டாக்சி கூப்பிடுங்க அண்ணே! ஊசி போடணும்!" என்று நான் கத்தியது கீழே மளிகைக் கடை வரை கேட்டதாம்.

சத்தம் கேட்டு வந்தவர் அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர். கான்வென்ட் பள்ளியில் விஞ்ஞானம் கற்றுக்கொடுப்பவர். கல்யாணமாகி ஒரு வருஷம். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நல்லவேளை, நிறுத்தவும் தோன்றாது.

"அலாமா! பதினாலு ஊசியா? இங்க வெறிநாய் நோயெல்லாம் ஒழிச்சு வருஷமாச்சு வசந்தா. சோப்புப் போட்டுக் கழுவுங்க, அயோடின் வைங்க, போதும். உங்களுக்குச் சந்தேகம்னா கிளினிக் போகலாம். ஆனா நீங்க போட்ட சத்தத்துக்கு டாக்டர் உங்களுக்குத்தான் ஊசி போடுவாரு" என்றார். சந்தேகத்தோடுதான் கிளினிக் போனோம். டாக்டரும் அதையே சொன்னார். ஊசி மட்டும் எனக்குப் போடவில்லை.

திரும்பி வந்த பிறகுதான் டீச்சர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பேச்சு நின்றது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"வசந்தா, இது வீட்டுப் பூன இல்ல."

"புள்ளிப் பூனை டீச்சர். எங்க ஊர்லயும் உண்டு."

"காதுக்குப் பின்னாடி பாருங்க."

பார்த்தேன். இரண்டு காதின் பின்புறமும் கறுப்பு. நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் பொட்டு. நெற்றியில் இருந்து இரண்டு கறுப்புக் கோடுகள் முதுகுப் பக்கம் ஓடின. கண்கள் அந்தச் சின்ன முகத்துக்கு அளவில் பெரியவை.

"இது சிறுத்தைப் பூன. மலாய்க்காரங்க கூச்சிங் பத்துன்னு சொல்வாங்க. வளந்தாலும் நம்ம பூன சைஸ்தான், கால் மட்டும் கொஞ்சம் நீளம். பகல்ல எங்கயாவது மரப்பொந்துல, வேருக்கடியில படுத்திருக்கும். இருட்டினா வேட்டை. எலி, ஓணான், தவளை, பூச்சி, ஒண்ணும் விடாது. மரம் ஏறும், தண்ணியில நீந்தும். ரெண்டு மூணு குட்டி போடும். தாய் குட்டிய விட்டுட்டுத்தான் இரை தேடப் போகும். போய்த் திரும்பி வரும். ஆபத்துன்னு தெரிஞ்சா ஒவ்வொண்ணா கவ்விட்டுப் போயி வேற எடத்துல வைக்கும்."

"அப்படின்னா இத விட்டுட்டுப் போகலையா?"

"எடுத்துட்டுப் போக வந்திருக்கும். நீங்க முந்திட்டீங்க லா."

நான் அரை மணி காத்திருந்தேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"எங்க நின்னு காத்திருந்தீங்க?"

"குட்டிக்குப் பக்கத்துலதான். குடை பிடிச்சுக்கிட்டு."

டீச்சர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். முன்பெல்லாம் தீவு முழுக்க இது இருந்ததாம். காட்டை வெட்டி ரப்பர் வைத்தார்கள், தென்னை வைத்தார்கள்; எலி இருந்ததால் அங்கேயும் பிழைத்துக்கொண்டது. இப்போது தோப்பை வெட்டி வீடு கட்டுகிறார்கள். மீதி இருப்பதைப் பிடித்து நகரத்தில் மிருகம் விற்கும் கடைகளில் கொடுக்கிறார்கள். அங்கே கூண்டில் இருப்பவை வெகுநாள் தாங்குவதில்லை. "இந்தக் குட்டியும் டின் பால்ல ரெண்டு நாள் தாங்காது. தாய்கிட்ட போனாத்தான் பொழைக்கும்" என்றார்.

சரோஜாவின் குழந்தைக்கு அன்று இரவு நான்தான் தாலாட்டினேன். பாட்டு பாதியில் மறந்து மறந்து போயிற்று.

சனிக்கிழமை காலை டீச்சர், ராஜு அண்ணன், சுமதி, நான், கூடை. இந்தத் தடவை டயர் வெடிக்கவில்லை, ஆனால் டாக்சியில் இருந்த ஒரு பெரியவர், "யார் பொண்ணு மேல வசம்பு வாசன?" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். மன்னார்குடிக்காரராம். வாசனையில் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் மூவரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தோம்.

ஆ மோய் கூடையைத் திறந்து பார்த்தாள். மூக்கைப் பொத்தினாள். "குட்டியைத் திருடியது நீயா! இரண்டு ராத்திரியாகத் தாய் இங்கே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது, எனக்குத் தூக்கம் இல்லை. இது என்ன நாற்றம்? குட்டிக்கு மருந்து போட்டாயா, தோலைப் பதனிட்டாயா?" என்றாள். டீச்சர் இதை மொழிபெயர்க்கும்போது இரண்டு முறை நிறுத்திச் சிரித்தார். நான் எங்கே நின்று காத்திருந்தேன் என்பதையும் அவரே அவளிடம் சொல்லிவிட்டார். ஆ மோய் என் குடையை வாங்கி விரித்து, குனிந்து, "வருமா, வருமா" என்று நடித்துக் காட்டினாள். சுமதிக்கு ஒரே குஷி.

தாய் உயிரோடு இருக்கிறது, இன்னும் தேடுகிறது என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே அது நின்றது. மட்டைக் குவியலை ஒட்டி ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. தூக்கிக் கட்டிய கதவு, உள்ளே காலில் கயிறு கட்டிய ஒரு கோழிக்குஞ்சு.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"தாய்க்கு" என்றாள் ஆ மோய். "இந்த மழைக்காலத்தில் நாலு கோழி தூக்கிவிட்டது. பிடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மிருகக் கடைக்காரன் தயார். குட்டியைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதன் குரல் கேட்டால் இன்றைக்கே வந்து விழும்."

குட்டியைக் காப்பாற்ற வந்தேன். தாயைப் பிடிக்க இரை கொண்டுவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டேன். திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய்விடலாமா? போனால் குட்டி சாகும். வைத்தால் தாய் கூண்டில் விழும். எந்தப் பக்கம் யோசித்தாலும் தப்பு என்மேலேயே வந்து நின்றது.

டீச்சர் ஆ மோயோடு வாதாடினார். இது எலி தின்னும் பிராணி, உன் தீனி மூட்டையைக் காப்பது இதுதான் என்றார். மடை ஓரத்துக் கல் மேல் கிடந்த அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே இருந்த எலி மயிரைக் காட்டினார். ஆ மோய் அசையவில்லை.

"முட்டையை எலி தின்கிறது, கோழியை இது தின்கிறது, மிச்சத்தை என் மாமியார் தின்கிறாள். நான் எதைத் தின்பது?"

நியாயமான கேள்வி. அவள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்குப் பேச்சு வராத இடத்தில் கை வேலை வரும். கோழிக் கொட்டகையைச் சுற்றி வந்தேன். பின்புறம் கம்பி வலை தரையோடு சேரவில்லை. மழையில் மண் கரைந்து ஒரு சாண் சந்து விழுந்திருந்தது. அதன் விளிம்பில் மஞ்சள் மயிர் ஒட்டியிருந்தது. ஆ மோயைக் கூப்பிட்டுக் காட்டினேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் சந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் மண் வெட்டினேன். ராஜு அண்ணன் துறைமுகத்தில் பேனா பிடிக்கிற கையால் தென்னங்கட்டைகளைப் புரட்டினார். டீச்சர் கல் சுமந்தார். நடுவில் ஆ மோய் வாழை இலையில் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த நெத்திலியும் கொடுத்தாள். அத்தனை பசியில் அதைவிட ருசியாக நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை. உச்சி வெயிலுக்குள் சந்து அடைபட்டது.

ஆ மோய் கொட்டகையைக் காலால் உதைத்துப் பார்த்தாள். "சரி. ஒரு ராத்திரி. கூண்டுக் கதவை இன்று ஒரு ராத்திரி மட்டும் மூடிக் கட்டி வைக்கிறேன். அதற்குள் அது வந்து குட்டியை எடுத்துப் போனால் அதன் அதிர்ஷ்டம்" என்றாள்.

அடுத்தது வசம்பு. வெந்நீரில் துடைத்தோம், வாசனை போகவில்லை. சோப்பு போடலாமா என்றேன். "போதும்மா உங்க வைத்தியம்" என்றார் டீச்சர். ஆ மோய்தான் வழி சொன்னாள்: அது முன்பு படுத்திருந்த அதே புல்லை அள்ளி, குட்டியின் உடம்பு முழுக்கத் தேய்த்தாள். பிறகு நெற்றிப் பொட்டைத் தன் எச்சில் விரலால் அழித்தாள். மட்டைகளுக்கு அடியில் பழைய இடத்தில் வைத்தோம். குட்டி ஒருமுறை கத்தியது. பலமான குரல் இல்லை.

"நாம கொஞ்சம் தள்ளி நின்னு பார்ப்போமா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு!" என்று மூவரும் சேர்ந்து சொன்னார்கள். ஆ மோய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கேட்டது அவளுக்கும் புரிந்திருந்தது.

ஞாயிறு காலை. ஆ மோய் முட்டைக் கூடையோடு தேக்கா மார்க்கெட்டுக்கு வரும் நாள். டீச்சர் மாதா கோவில் பூசைக்குப் போகும் வெள்ளை உடையிலேயே என்னோடு வந்தார். மீன் கடை, காய்கறி, தேங்காய் துருவுகிற இயந்திரம், எல்லாவற்றையும் தாண்டி ஓடினோம். ஈரத்தில் என் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆ மோய் முட்டைகளை வெளிச்சத்தில் காட்டி ஒரு கிழவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பேரத்தை நிறுத்தவில்லை. கிழவர் போன பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"குட்டி இல்லை" என்றாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். நள்ளிரவில் மழை விட்டதாம், விடியற்காலையில் போய்ப் பார்த்தாளாம். ஈர மணலில் தாயின் கால்தடம் வந்த வழியும் போன வழியும் தெளிவாக இருந்ததாம். ரத்தம் இல்லை, மயிர் இல்லை. மட்டைகள் கலையவில்லை. கால்தடம் சதுப்புப் பக்கம் போய் நீரில் முடிந்ததாம். "நாற்றத்தோடுதான் எடுத்துப் போயிருக்கிறது. தாய்க்கு மூக்கு இல்லை போலிருக்கிறது" என்றாள்.

நான் நடு மார்க்கெட்டில், ஒரு கையில் செருப்போடு, முட்டைக்காரியின் தோளில் சாய்ந்து அழுதேன். "முட்டை! முட்டை!" என்று அவள் கத்தினாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

நான் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு ஆ மோய் அதே இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். டீச்சரும் உடன் இருந்ததால் பேச முடிந்தது. கொட்டகைக்குள் இருக்கும் கோழி ஒன்றும் போகவில்லை; அது சரி. ஆனால் அவளுடைய நாட்டுக்கோழிகளில் பாதி மாலையில் கொட்டகைக்கு வருவதில்லை. ரம்புத்தான் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. எவ்வளவு விரட்டினாலும் திரும்ப மரத்துக்கே போகின்றன. முந்தின வாரம் மரத்தில் இருந்து ஒன்று போய்விட்டது. மரம் ஏறும் பிராணிக்கு மரக்கிளையில் சாப்பாடு பரிமாறியது போல.

"சீனப் புத்தாண்டுக்குத்தான் என் கோழிக்கு நல்ல விலை" என்றாள். "அதுவரை கூண்டைத் திறக்கமாட்டேன், உனக்காக. என் குழந்தையைக் காரணம் இல்லாமல் தூக்கினாயே, அந்தக் கிறுக்குக்காக. அதற்குள் உங்கள் ஊரில் கேட்டு எழுது. காட்டுப் பக்கம் கோழி வளர்க்கிறவர்கள் அங்கே இல்லையா? அவர்கள் என்ன செய்கிறார்கள்? பதில் வந்தால் செய்வேன். வராவிட்டால் கதவைத் தூக்கிக் கட்டுவேன். அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளாதே."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. சரி என்று கைகொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாக விசாரிக்கிறேன். எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர், காடு கிடையாது. அடிமரத்தில் தகரம் சுற்றச் சொன்னார் என் கணவர். ஆனால் பக்கத்துப் பலா மரத்தின் கிளை அந்த ரம்புத்தான் மரத்தோடு உரசுகிறது; அதை வெட்ட ஆ மோயின் மாமியார் விடமாட்டாள். நாய் வளர்க்கச் சொன்னார்கள். நாய் முதலில் குட்டியைத்தான் கண்டுபிடிக்கும். மருந்து வைக்கச் சொன்ன ஒருவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

ஆகவே இதைப் படிக்கும் உங்களில் யாராவது கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் குடியிருந்தால், வீட்டில் கோழி இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். மரத்தில் தங்கிப் பழகிய கோழியைக் கொட்டகையில் அடையப் பழக்குவது எப்படி? எத்தனை நாள் ஆகும்? மாலையில் என்ன தீனி வைத்தால் வரும்? அடைத்துப் போட்டால் முட்டை குறையுமா? ஆ மோய் அதைக் கட்டாயம் கேட்பாள். பத்திரிகை அலுவலகத்துக்கே எழுதுங்கள். என்னிடம் அனுப்பிவைப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நான் அன்றே விமானத் தபாலில் டீச்சருக்கு அனுப்பிவிடுவேன். அவர் மலாயில் சொல்லிவிடுவார். கையெழுத்து நன்றாக இல்லை, எழுதிப் பழக்கமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சீனப் புத்தாண்டு இந்த வருஷம் தை மாதப் பாதியிலேயே வந்துவிடுகிறதாம்.